சம்பளமில்லாத எம்பி பதவிக்கு நிலக்கிழார்கள் ஏன் அலைந்தார்கள்?

"18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் எம்பிக்குச் சம்பளமே கிடையாது என்கிறார்கள். அப்படியிருக்க, ஊரில் நிலபுலத்தோடு நிம்மதியாக இருந்த கனவான்கள் கைக்காசைக் கொட்டி ஏன் பாராளுமன்றத்துக்குப் போனார்கள்? அவர்களுடைய வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது: அந்த வாழ்க்கைக்கு ஆன பணம் எங்கிருந்து வந்தது? குத்தகைப் பணத்தில் சுகமாக இருந்தார்கள், அரசியல் ஒரு பொழுதுபோக்கு என்ற எண்ணம் நிறையப் பேருக்கு உண்டு. கல்லூரியில் பிரிட்டிஷ் வரலாறு நடத்திய காலத்தில் விடைத்தாள்களிலும் வருடா வருடம் இதைத்தான் படித்தேன். கணக்கைப் பார்த்தால் அது ஒத்துவராது.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஆளை எடுத்துக்கொண்டு அவர் பணம் போன வழியே போய்ப் பார்க்கலாம். ராபர்ட் வால்போலை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் முதல் பிரதமர் என்று பாடப்புத்தகம் சொல்லும் அதே வால்போல்தான். சராசரி நிலக்கிழாருக்கு அவர் நல்ல உதாரணம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் அளவுக்கு ஏறியவர்கள் அரிது. ஆனால் அவர் தொடங்கிய இடம் அந்த வர்க்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் தொடங்கிய அதே இடம். பிரபுப் பட்டம் கிடையாது, நார்ஃபோக் மாவட்டத்தில் ஹௌட்டன் என்ற ஊரில் பரம்பரை நிலம், அப்பாவும் எம்பி.

ஒரு சின்ன விளக்கம். இவர்களை ஜமீன்தார் என்று மொழிபெயர்த்தால் குழப்பம் வரும். ஜமீன்தாருக்கு அடிப்படை வேலை அரசுக்காக வரி வசூலித்துக் கட்டுவது. இங்கிலாந்து நிலக்கிழார் நிலத்துக்கே சொந்தக்காரர். தன் வரியைத் தானே கட்டினார். நிலத்தைப் பெரிய பெரிய துண்டுகளாகக் குத்தகைக்கு விடுவார், குத்தகைதாரர் கூலியாள் வைத்து உழுவார். இந்த இங்கிலாந்து நிலக்கிழாரை மனதில் வைத்துக்கொண்டுதான் காரன்வாலிஸ் 1793-ல் வங்காளத்தில் ஜமீன்தாரி முறையை நிலைநாட்டினார். 1802 முதல் சென்னை மாகாணத்திலும் அது வந்தது. அங்கே இருந்த ஆளை இங்கே உண்டாக்கப் பார்த்தார்கள், வேறு ஏதோ உண்டானது. அது தனிக் கதை.

வால்போல் 1676-ல் பிறந்தார். வீடு நிறையப் பிள்ளைகள், இவர் மூத்தவர் இல்லை. நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் வழக்கம் என்பதால் இளையவர்கள் சர்ச், ராணுவம், கப்பற்படை, வக்கீல் தொழில், வியாபாரம் என்று பிழைப்பைத் தேடிக்கொள்ள வேண்டும். வால்போலைப் பாதிரியாராக்குவது என்று வீட்டில் முடிவு செய்து, ஈட்டன் பள்ளிக்கும் பிறகு கேம்பிரிட்ஜுக்கும் அனுப்பினார்கள். 1698-ல் உயிரோடிருந்த ஒரே அண்ணனும் இறந்துபோக, படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊருக்கு வரச் சொன்னார் அப்பா. சர்ச்சிலேயே இருந்திருந்தால் காண்டர்பரி பேராயர் ஆகியிருப்பேன் என்று வால்போல் பிற்காலத்தில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அதே காலத்துக்கு இன்னொன்றும் சொல்வார்கள்: சாப்பாட்டு மேசையில் அப்பா ஒரு கோப்பை குடித்தால் மகனை இரண்டு குடிக்க வைப்பாராம், அப்பா போதையில் இருப்பதை மகன் தெளிவோடு பார்க்கக் கூடாதென்று. இரண்டும் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து அச்சேறியவை. நடந்திருக்கலாம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1700-ல் அப்பா இறந்தார். வால்போல் கைக்கு வந்த நிலத்தின் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 2,000 பவுண்டு. விவசாயக் கூலியாளுக்கு அன்று நாளைக்கு ஒரு ஷில்லிங் சுமாருக்குக் கிடைத்தது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அந்தக் கணக்கில் பார்த்தால் 2,000 பெரிய தொகைதான். ஆனால் அது முழுவதும் அவருடையது ஆகாது. விதவைத் தாய்க்கு ஆயுள் வரை ஜீவனாம்சம், தங்கைகளுக்குக் கல்யாணப் பணம், தம்பிகளுக்குப் பங்குப் பணம் எல்லாம் அதே நிலத்தின் மேல் எழுதப்பட்டிருக்கும். கொடுக்கக் கையில் பணம் இல்லையென்றால் நிலத்தை அடமானம் வைத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்த வருடமே மர வியாபாரக் குடும்பத்துப் பெண் கேத்தரின் ஷார்ட்டரைக் கட்டிக்கொண்டார், சீதனத்தோடுதான். இருவருமே செலவாளிகள். சில வருடங்களுக்குள் கடன் ஏறி, சஃபோக் மாவட்டத்தில் இருந்த நிலங்களை விற்க வேண்டிவந்தது. 2,000 பவுண்டு நிலக்கிழார் லண்டனில் குடும்பம் நடத்தினால் கட்டுப்படியாகாது என்பது முப்பது வயதுக்குள் அவருக்கு விளங்கியிருக்கும்.

சரி, எம்பி ஆவது எப்படி? 1701-ல் காசில் ரைசிங் என்ற தொகுதியிலிருந்து உள்ளே போனார். அப்பா வைத்திருந்த இடம். ஊர் எப்போதோ தேய்ந்துவிட்டது, ஓட்டுரிமை மட்டும் குறிப்பிட்ட சில பழைய மனைகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மனையை வாங்கினால் ஓட்டு கூட வரும். அடுத்த வருடம் பக்கத்துத் துறைமுக நகரமான கிங்ஸ் லின்னுக்கு மாறினார். அங்கே நகர உரிமை பெற்ற சுமார் 300 பேருக்கு ஓட்டு. நகரத்தின் பெரிய வியாபாரக் குடும்பமான டர்னர்கள் வால்போலுக்குச் சம்பந்திகள், அக்காவைக் கொடுத்த இடம். ரகசிய வாக்கெடுப்பு 1872-ல்தான் வந்தது. அதுவரை யார் யாருக்குப் போட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். இடையில் ஒரு தடங்கல் தவிர 1742 வரை அவர் கிங்ஸ் லின் உறுப்பினர். அங்கே ஓட்டுக்குக் கொடுத்த விலை பெரும்பாலும் வேலையாகவே இருந்தது. துறைமுகம் என்பதால் சுங்கத்தில் நிறையச் சின்னச் சின்ன உத்தியோகங்கள் உண்டு. ஒருவரின் மகனுக்கு அதில் ஒன்று, இன்னொருவரின் மருமகனுக்குச் சர்ச்சில் ஒரு இடம், மூன்றாமவருக்கு ராணுவத்தில் ஒரு பதவி. எம்பியின் தபால் பையில் பாதி இப்படிப்பட்ட விண்ணப்பக் கடிதங்கள்தான்.

சம்பளம் இல்லை என்பது உண்மைதான். 1911-ல்தான் எம்பிக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு என்று வைத்தார்கள். அதுமட்டுமில்லாமல், 1711 முதல் நிலம் இல்லாதவர் உள்ளே வரக் கூடாது என்று சட்டமே இருந்தது. மாவட்டத் தொகுதிக்கு நிலத்திலிருந்து ஆண்டுக்கு 600 பவுண்டு, நகரத் தொகுதிக்கு 300 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். பத்திரத்தை ஒருநாளைக்குக் கைமாற்றி எழுதிக் காட்டி ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். நோக்கம் என்னவோ தெளிவு: 558 பேர் உட்காரும் சபை நிலக்காரர்களின் சபையாக இருக்க வேண்டும்.

அங்கே அவர்களுக்கு என்ன வேலை என்றால், முதல் வேலை நிலவரி. போர்க்காலத்தில் பவுண்டுக்கு 4 ஷில்லிங், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அந்த விகிதத்தை வருடா வருடம் சபை தீர்மானிக்கும். வரியை ஊரில் பிரித்துப் போடுவதும் நிலக்கிழார்களே உறுப்பினர்களாக இருந்த குழுதான். மதிப்பீடு 1690களில் போட்டதோடு நின்றுவிட்டது. குத்தகை ஏறினாலும் மதிப்பீடு ஏறாது. வரியைத் தானே விதித்து, தானே மதிப்பிட்டு, தானே கட்டுகிற ஏற்பாட்டை விட்டுவிட்டு யார் வீட்டில் உட்காருவார்கள்? வால்போலின் அரசியல் கெட்டித்தனத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. போரைத் தவிர்த்து நிலவரியை 1730களின் தொடக்கத்தில் ஒரு ஷில்லிங்குக்குக் கொண்டுவந்தார். அந்தக் குறையை ஈடுகட்ட, எடுத்துவிட்டிருந்த உப்பு வரியை 1732-ல் திரும்பப் போட்டார். கூலியாளின் உப்பிலிருந்து எடுத்து நிலக்கிழாரின் சுமையைக் குறைத்தார் என்று சொன்னால் மிகையில்லை. அடுத்த வருடம் ஒயினுக்கும் புகையிலைக்கும் கலால் போடப் பார்த்து, நாடே கொந்தளிக்க, ஏப்ரலில் வாபஸ் வாங்கினார். மறு வருடத் தேர்தலில் சொந்த மாவட்டமான நார்ஃபோக்கிலேயே அவர் ஆட்கள் மிகச் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்கள்.

ஆனால் வரியைக் குறைவாகக் கட்டுவதால் யாரும் மாளிகை கட்டிவிட முடியாது. வால்போலுக்குப் பணம் வந்தது பதவியிலிருந்து. 1708-ல் போர்த்துறைச் செயலர், 1710-ல் கடற்படைப் பொருளாளர், 1714-ல் படைகளின் சம்பளப் பொறுப்பாளர். இந்தக் கடைசிப் பதவி இருக்கிறதே, அது அன்றைய தங்கச் சுரங்கம். ராணுவத்துக்கென்று கருவூலத்திலிருந்து வாங்கிய பணம் செலவாகும்வரை பொறுப்பாளரின் கையில் இருக்கும். அதை அவர் தன் பெயரில் வட்டிக்கு விடலாம், பத்திரங்களில் போடலாம், லாபம் அவருக்கே. இன்று இதற்குச் சிறை. அன்று இது பதவியோடு சேர்ந்த ஆதாயம். ஆதாயத்துக்கும் ஊழலுக்கும் கோடு எங்கே என்பதை எதிர்க்கட்சிதான் முடிவு செய்யும். 1712-ல் வால்போலின் விக் கட்சிக்கு எதிரணியான டோரிகள் முடிவு செய்தார்கள்: ஸ்காட்லாந்தில் குதிரைத் தீவன ஒப்பந்தம் கொடுத்தபோது தன் நண்பர் ஒருவருக்குப் பங்கு ஒதுக்கினார் என்று சபை அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்து, வெளியேற்றி, லண்டன் கோபுரத்தில் அடைத்தது. ஜனவரி முதல் ஜூலை வரை உள்ளே இருந்தார். நான் முன்னே சொன்ன தடங்கல் இதுதான். வெளியே வந்தபோது கட்சிக்குத் தியாகியாகியிருந்தார்; 1713-ல் கிங்ஸ் லின் மறுபடி தேர்ந்தெடுத்தது.

1720-ல் தென்கடல் கம்பெனிப் பங்குகள் விண்ணுக்கு ஏறிக் கவிழ்ந்தபோது உச்சத்தில் விற்றுப் பெரும் பணம் பண்ணினார் என்று பழைய நூல்கள் எழுதின. அவருடைய கணக்குகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் இதை ஏற்பதில்லை: சீக்கிரம் விற்றார், பிறகு விலை ஏறியிருந்தபோது திரும்ப வாங்க முனைந்தார், இன்னும் பெரிய அடி விழாமல் காப்பாற்றியது அவருடைய வங்கிக்காரர் என்கிறார்கள். எனக்கும் இதுவே நம்பும்படி இருக்கிறது. 1721 ஏப்ரலில் கருவூலத்தின் தலைமை அவரிடம் வந்தது. 1742 பிப்ரவரி வரை விடவில்லை.

இந்த 21 வருடத்தில் அவர் வாழ்ந்த வாழ்க்கைதான் நீங்கள் கேட்டது. வருடம் இரண்டாகப் பிரிந்திருக்கும். குளிர்காலம் தொடங்கிக் கோடை வரும்வரை சபை, அப்போது லண்டன். மற்ற நாளில் சுமார் நூறு மைல் தள்ளியிருக்கும் ஹௌட்டன். சாதாரண நிலக்கிழார் எம்பிக்கும் இதே தாளம்தான். ஊரில் இருக்கும்போது அவர் மாஜிஸ்திரேட்டும்கூட, அதற்கும் சம்பளமில்லை. ஆண்டுக்கு நான்கு முறை கூடும் அமர்வில் சாலை, பாலம், ஏழைகளுக்கான உதவி, சாராயக்கடை அனுமதி, சில்லறைத் திருட்டு எல்லாம் வரும். தன் காட்டில் முயல் பிடித்தவனுக்குத் தண்டனை கொடுப்பவரும் பெரும்பாலும் பக்கத்துக் காட்டுச் சொந்தக்காரர்தான். வேட்டைச் சட்டப்படி நிலத்திலிருந்து ஆண்டுக்கு 100 பவுண்டு வராதவன் வேட்டைப் பறவையைத் தொடவே கூடாது. 1723-ல் முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் திருடினால் தூக்கு என்று சட்டம் வந்தது. அது வால்போல் ஆட்சியில்.

அவருக்கு வேட்டை என்றால் உயிர். ரிச்மண்ட் பூங்காவின் காப்பாளராக மகனைப் போட்டு, அங்கே இருந்த வேட்டை மாளிகைக்கு 14,000 பவுண்டு செலவழித்து, வாரக் கடைசியில் நாய்களோடு போவார். பாராளுமன்றத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை வந்ததே வால்போல் வேட்டைக்குப் போவதற்காகத்தான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நல்ல கதை, ஆதாரம் பலவீனம். அரசாங்கக் கடிதங்களுக்கு முன் தன் வேட்டைக்காரனின் கடிதத்தைப் பிரிப்பார், சபையில் நார்ஃபோக் ஆப்பிளைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பவையும் அந்த ரகம்தான். இதில் அவருடைய பங்கும் உண்டு என்று நினைக்கிறேன். கிராமத்து ஆள் என்ற தோற்றம் பின்வரிசை நிலக்கிழார்களிடம் செல்லுபடியாகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 1723-ல் பிரபுப் பட்டம் தேடி வந்தபோது, மகனுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு மக்களவையிலேயே உட்கார்ந்தார். ஓட்டுகள் அங்கேதானே இருந்தன.

ஹௌட்டன் மாளிகைக்கு 1722-ல் அடிக்கல் போட்டார். பழைய வீட்டை இடித்து, முகப்புப் பார்வைக்கு இடைஞ்சலாக இருந்த கிராமத்தையே பெயர்த்து 1729 வாக்கில் வாசல் பக்கம் புதிதாகக் கட்டிக் குடிவைத்தார். சர்ச் மட்டும் பழைய இடத்தில் நின்றது. உள்ளலங்காரம் வில்லியம் கென்ட். பச்சை வெல்வெட் கட்டில் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் சரிகை வேலைக்கு மட்டும் 1732-ல் வந்த பில் 1,219 பவுண்டு. அப்பா விட்டுப்போன நிலத்தின் ஓராண்டு வருமானத்தில் பாதிக்கு மேல், ஒரு கட்டிலின் ஓரத்துக்கு! வருடத்துக்கு ஒயின் மட்டும் ஆயிரம் பவுண்டைத் தாண்டியது. லண்டனில் வீடு, செல்சியில் வீடு, ரிச்மண்டில் மாளிகை, இது நான்காவது.

இலையுதிர் காலத்தில் மூன்று வாரம்போல ஹௌட்டனில் நடக்கும் கூட்டத்துக்கு நார்ஃபோக் மாநாடு என்றே பெயர். மந்திரிகள், அக்கம்பக்கத்து நிலக்கிழார்கள், பாதிரிமார்கள் எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும். 1731-ல் அங்கே போயிருந்த ஹார்வி பிரபு, மோவாய் வரை மாட்டிறைச்சியும் மான்கறியும், மோவாய்க்கு மேலே மதுவும் என்று கடிதம் எழுதினார். வீட்டைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார்: கீழ்த்தளம் நரி வேட்டைக்காரர்களுக்கும் விருந்துக்கும் சத்தத்துக்கும் அழுக்குக்கும் காரியத்துக்கும், மேல்தளம் ரசனைக்கும் செலவுக்கும் பகட்டுக்கும் என்று. அந்தப் பட்டியலில் காரியம் கீழ்த்தளத்தில் வருவதைக் கவனியுங்கள். அடுத்த கூட்டத் தொடருக்கு வேண்டிய ஆதரவு வேட்டைப் பூட்ஸோடு அங்கேதான் கூடியது. மைத்துனரும் பக்கத்து ஊர்க்காரருமான டவுன்ஷெண்டும் அவரும் முதலில் அரசியல் கூட்டாளிகள். பிறகு கசந்து, 1730-ல் டவுன்ஷெண்ட் பதவியை விட்டுவிட்டு ஊரில் டர்னிப் என்ற கிழங்கைப் பயிரிடப் போனார். டர்னிப்புக்கு அவர்தான் பேர்போனவர். ஆனால் வால்போலின் அப்பா அதை ஹௌட்டனில் முன்பே பயிரிட்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்குச் செய்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கருவூலத்தில் வேலையே இல்லாத ஆயுள் பதவிகள் சில உண்டு. வேலையைக் குமாஸ்தா பார்ப்பார், கட்டணம் பதவிக்காரருக்கு வரும். மூன்று மகன்களுக்கும் அப்படி ஒவ்வொன்று. இளையவர் ஹோரஸ் 1738-ல் இருபது வயதில் பெற்ற பதவியை 1797-ல் சாகும்வரை அனுபவித்தார். எழுத்தாளராகப் பெயர் வாங்க அந்த ஓய்வு உதவியது. "ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு விலை உண்டு" என்று வால்போல் சொன்னதாகச் சொல்வார்களே, அது திரித்தது. எதிரில் இருந்த குறிப்பிட்ட சிலரைக் காட்டி, அவர்களுக்கெல்லாம் விலை உண்டு என்றுதான் சொன்னதாகப் பழைய பதிவு. அவர் விழுந்த பின் விசாரித்த குழு, பத்து வருடத்தில் பத்திரிகைகளுக்கும் துண்டறிக்கை எழுதுபவர்களுக்கும் மட்டும் 50,000 பவுண்டுக்கு மேல் போயிருப்பதாகக் கண்டது. இது பதிவில் உள்ளது.

எல்லோரும் இப்படியா என்றால், இல்லை. வார்விக்ஷயரின் சர் ரோஜர் நியூடிகேட் 1751 முதல் 1780 வரை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியின் எம்பி. அரசுப் பதவியே ஏற்காத டோரி. அவருக்குப் பணம் தன் நிலத்துக்கு அடியில் இருந்த நிலக்கரியிலிருந்து வந்தது. கரியைக் கொண்டுபோகக் கால்வாயும் சாலையும் வேண்டும், அதற்குப் பாராளுமன்றச் சட்டம் வேண்டும். இப்படிப்பட்டவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். இன்னொரு வகை பணம் நம் பக்கத்திலிருந்து போனது. சென்னை கோட்டையின் கவர்னராக 1709 வரை இருந்த தாமஸ் பிட், அங்கே வாங்கிய வைரத்தை 1717-ல் பிரான்ஸ் அரசப் பிரதிநிதிக்கு 135,000 பவுண்டுக்கு விற்று, நிலமும் தொகுதியும் வாங்கினார். ஆளே குடியில்லாத ஓல்ட் சாரம் அவர் குடும்பத் தொகுதி. 1735-ல் பேரன் வில்லியம் பிட் அங்கிருந்துதான் சபைக்குள் வந்து வால்போலைத் திட்டத் தொடங்கினார், மறு வருடமே அதற்காகத் தன் ராணுவப் பதவியை இழந்தார். அதே பிட் 1770-ல், ஆசியாவின் செல்வம் உள்ளே கொட்டி அரசியலைக் கெடுக்கிறது என்று பிரபுக்கள் சபையில் முழங்கினார். தாத்தாவின் வைரம் அவர் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

1742 பிப்ரவரியில், தகராறான ஒரு தேர்தல் முடிவு பற்றிய வாக்கெடுப்பில் தோற்று, வால்போல் பதவி விலகி ஆர்ஃபர்ட் பிரபுவானார். மறு வருடம் ஹௌட்டனிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இங்கே என்னைப் புகழ்பவர்கள் எல்லாம் ஊமைகள், ஓக், பீச், செஸ்ட்நட் மரங்கள்தான், அவற்றுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்கிறார். 1745 மார்ச்சில், சிறுநீர்ப்பைக் கல்லுக்குச் சாப்பிட்ட கடுமையான மருந்து உடம்பை இன்னும் கெடுக்க, லண்டனில் இறந்தார். விட்டுப்போன கடன் 40,000 பவுண்டுக்குக் குறையாது. பேரன் 1779-ல் தாத்தா சேர்த்த ஓவியங்களை ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு 40,000 பவுண்டுக்குச் சற்று மேலான விலைக்கு விற்றார். வீடு பிறகு வால்போலின் மகள் வழிக்குப் போய் இன்றும் அவர்களிடமே இருக்கிறது. 2013-ல் அந்த ஓவியங்களில் சுமார் 70-ஐ ரஷ்யாவிலிருந்து வரவழைத்து, பழைய சுவர்களில் அவை தொங்கிய அதே இடங்களில் சில மாதம் மாட்டி வைத்திருந்தார்கள். பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.